அச்சுப்பெட்டியும் அறிவியலும்: இயந்திரத் தேய்மான ஆய்வின் வரலாற்றில் உராய்வும் பராமரிப்பும் (1699 – 1966)

ஆய்வுச் சுருக்கம்

இயங்கும் பரப்புகளைப் பற்றிய பொறியியல் ஆய்வின் வரலாறு பெரும்பாலும் உராய்வு விதிகளின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அவ்வரலாற்றில் தேய்வும் அதனைத் தடுக்கும் பராமரிப்பும் பின்னணிக்குத் தள்ளப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டு இரயில் வண்டியின் அச்சுப்பெட்டியை மையமாகக் கொண்டு, மசகு பற்றிய அறிவு எவ்வாறு உருப்பெற்றது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பெட்ரோவ், டவர், ரெய்னால்ட்ஸ் ஆகியோரின் ஆய்வுகள் 1883 முதல் 1886 வரையிலான குறுகிய காலத்தில் நிகழ்ந்ததற்கு இரயில்வேயின் பராமரிப்புத் தேவை ஒரு முதன்மைக் காரணம் என்பதும், 1966ஆம் ஆண்டின் பிரித்தானிய அறிக்கை முன்வைத்த கணக்கு இத்துறையின் மையம் உராய்வன்று, தேய்வே எனக் காட்டுகிறது என்பதும் இதன் முடிவுகளாகும். இம்முடிவின் வழியே இத்துறைக்குத் தமிழில் வழங்கும் பெயரும் மறுபரிசீலனை செய்யப்படுகிறது.

திறவுச் சொற்கள்: உராய்வு, தேய்வு, மசகு, அச்சுப்பெட்டி, இரயில்வே, பராமரிப்பு, கலைச்சொல்லாக்கம்

முன்னுரை

இயங்கும் பொறி எதுவாயினும் அதனுள் இரு பரப்புகள் ஒன்றன்மீது ஒன்று நகர்ந்துகொண்டிருக்கும். அந்நகர்வினால் விளைவன இரண்டு. ஒன்று உராய்வு; மற்றொன்று தேய்வு. உராய்வு ஆற்றலை வெப்பமாக மாற்றி அக்கணமே இழக்கச் செய்கிறது. தேய்வோ பொருளையே சிறிது சிறிதாக அரித்து, பல மாதங்களுக்கோ ஆண்டுகளுக்கோ பின்னர்ப் பொறியைப் பயனற்றதாக்குகிறது. முன்னதை ஆய்வுக்கூடத்தில் சில மணித்துளிகளில் அளந்துவிடலாம். பின்னதை அறியக் காத்திருக்க வேண்டும். பழுதடைந்த பாகத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

அளத்தற்கு எளியது முதலில் ஆராயப்பட்டது, அரியது பிற்பட்டது. இவ்வேறுபாடு இத்துறையின் வரலாற்றையே வடிவமைத்துவிட்டது என்பது இக்கட்டுரையின் கருதுகோளாகும். வரலாற்று முறையில் அமைந்த இவ்வாய்வு, பிரான்சு, இங்கிலாந்து, இரஷ்யா, அமெரிக்கா ஆகிய நாடுகளில் நிகழ்ந்த ஆய்வுகளைக் கால வரிசையில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் எத்தேவையிலிருந்து எழுந்தது என்னும் வினாவை முன்வைக்கிறது.

உராய்வு விதிகள்

உராய்வைப் பற்றிய முறையான சிந்தனையை இலியனார்டோ டா வின்சியின் (1452 – 1519) குறிப்பேடுகளிலேயே காணமுடிகிறது. உராய்வு விசை சுமைக்கு நேர்விகிதத்தில் உள்ளது என்பதையும், தொடும் பரப்பின் அளவைச் சார்ந்ததன்று என்பதையும் அவர் உணர்ந்திருந்தார். அக்குறிப்பேடுகள் அவர் காலத்தில் வெளிவராமையால் அவ்வறிவு பிறர்க்குப் பயன்படவில்லை.

1699ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் கியோம் அமோன்தோன் இவ்விரு விதிகளையும் மீண்டும் கண்டறிந்து வெளியிட்டார். உராய்வு விசை சுமையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு என்பது அவர் கண்ட அளவு. அவர் சோதித்த பரப்புகள் வெறும் பரப்புகள் அல்ல. பன்றிக் கொழுப்புப் பூசப்பெற்றவை. அக்கால இயந்திரம் எதுவும் கொழுப்பின்றி ஓடியதில்லை என்பதால் அவருக்கு அது இயல்பான நிலையாகவே தோன்றியிருக்க வேண்டும். கொழுப்பு என்ன செய்கிறது என்னும் வினாவை அவர் தனியே எழுப்பவில்லை.

சார்லஸ் கூலூம் இவ்விதிகளை விரிவான சோதனைகளால் உறுதிப்படுத்தினார். பிரெஞ்சுக் கடற்படையின் தேவைகளை முன்னிட்டு நடந்த போட்டியில் எளிய பொறிகளைப் பற்றிய அவரது ஆய்வு 1781இல் பரிசு பெற்றது, 1785இல் அச்சாயிற்று. பொருள்களின் தன்மை, சுமை, பரப்பு, நிலைத்திருந்த கால அளவு ஆகியவற்றை மாற்றி மாற்றி அவர் உராய்வை அளந்தார். இவ்வளவு நுணுக்கமான சோதனைகளிலும் ஒன்று இடம்பெறவில்லை. உராய்ந்த பரப்பு எவ்வளவு தேய்ந்தது என்பது அவற்றில் ஆய்வுப் பொருளாகவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் உராய்வுக்கு விதிகள் இருந்தன, தேய்வுக்கு இல்லை.

இரயில்வேயும் அச்சுப்பெட்டியும்

இந்நிலையை மாற்றியது இரயில்வே. 1825இல் ஸ்டாக்டன் – டார்லிங்டன் பாதையும், 1830இல் லிவர்பூல் – மான்செஸ்டர் பாதையும் திறக்கப்பட்டன. அதற்கு முன்னர் எந்த வண்டியின் அச்சும் இத்துணைச் சுமையோடு, இத்துணை வேகத்தில், இத்துணைத் தொலைவு இடைவிடாது சுழன்றதில்லை.

இரயில் பெட்டியின் அச்சு, சக்கரத்திற்கு வெளியே சிறிது நீண்டிருக்கும். நீண்டிருக்கும் அம்முனையின்மீது வெண்கலத்தாலான அரைவட்டத் தாங்கி ஒன்று கவிழ்ந்து அமர்ந்திருக்கும். பெட்டியின் முழுச் சுமையும் அத்தாங்கியின் வழியாகவே அச்சுமுனைக்கு இறங்கும். இவ்விரண்டையும் மூடிப் புழுதி புகாமல் காக்கும் வார்ப்பிரும்புக் கூடே அச்சுப்பெட்டி. தாங்கியின் உட்புறத்தில் வெள்ளீயம் மிகுந்த மென்மையான கலவை உலோகத்தை ஊற்றும் முறைக்கு ஐசக் பாபிட் 1839இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். மென்மையான அவ்வுலோகம் தான் தேய்ந்து, விலையுயர்ந்த அச்சுமுனையைத் தேயாமல் காக்கும். எது தேயவேண்டும், எது தேயலாகாது என்று முன்கூட்டியே தீர்மானிக்கும் இம்முறை, கோட்பாடு தோன்றுவதற்கு முன்பே பட்டறையில் உருவான பராமரிப்பறிவாகும்.

இங்கிலாந்தின் தொடக்ககால இரயில் பெட்டிகளில் விலங்குக் கொழுப்பு, மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பனை எண்ணெய், சோடா, நீர் ஆகியன கலந்த கெட்டி மசகு பயன்பட்டது. கோடைக்கும் குளிர்காலத்துக்கும் கலவை விகிதம் வேறுபட்டது. இம்மசகில் ஓர் உள்முரண் இருந்தது. அது உருகினால்தான் அச்சுமுனையை அடையும். அச்சு சூடேறினால்தான் அது உருகும். தான் தடுக்கவேண்டிய வெப்பத்தையே அது எதிர்பார்த்து நின்றது. பின்னர் நீர்ம எண்ணெயில் தோய்த்த கம்பளித் திண்டையோ பஞ்சுக் கழிவையோ அச்சுமுனையின் அடியில் வைக்கும் முறை பரவியது.

மசகு தவறினால் நேர்வது யாது? வெப்பம் ஏறும், தாங்கியின் மென்னுலோகம் உருகி வழியும், வெண்கலம் எஃகோடு நேரே உரசும், எண்ணெய்ப் பஞ்சு தீப்பற்றும், இறுதியில் அச்சுமுனை முறிந்து வண்டி தடம்புரளும். இந்திய இரயில்வே ஊழியர்களின் வழக்கில் 'ஹாட் ஆக்சில்' எனப்படுவது இந்நிகழ்வே. ஒரு கையளவு எண்ணெயின் குறை ஒரு தொடர்வண்டியையே கவிழ்க்கவல்லது என்பதை இரயில்வே நிர்வாகங்கள் பட்டறிவால் உணர்ந்தன.

மசகிட்டோரும் தட்டிப் பார்த்தோரும்

இப்பட்டறிவைத் தாங்கியவர்கள் பொறியியல் அறிஞர்கள் அல்லர். வண்டி நின்றபோதெல்லாம் எண்ணெய்க் குவளையோடு இறங்கிச் சென்ற மசகிடுவோரும், சக்கரங்களைச் சுத்தியலால் தட்டி ஒலியைக் கேட்டு, அச்சுப்பெட்டிமீது கைவைத்துச் சூட்டை அறிந்த சோதனைத் தொழிலாளர்களும் ஆவர். அவர்களது அறிவு செவியிலும் கையிலும் இருந்தது, ஏட்டில் ஏறவில்லை. அதனால் அவர்களுட் பெரும்பாலோர் பெயரின்றியே மறைந்தனர்.

பெயர் நின்ற சிலருள் எலைஜா மெக்காய் குறிப்பிடத்தக்கவர். கென்டக்கியின் அடிமை முறையிலிருந்து தப்பிக் கனடா சென்ற பெற்றோர்க்குப் பிறந்த இவர், ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் இயந்திரப் பொறியியல் பயின்றார். அமெரிக்கா வந்தபோது கறுப்பினத்தவர் என்பதால் பொறியாளர் பணி மறுக்கப்பட்டது. மிச்சிகன் சென்ட்ரல் இரயில்வேயில் கரியிடும் பணியும் எண்ணெயிடும் பணியுமே கிடைத்தன. எண்ணெயிடுவதற்காகப் பொறியை அடிக்கடி நிறுத்தவேண்டியிருந்த நிலையை அவர் அன்றாடம் கண்டார். பொறி ஓடும்போதே அதற்கு எண்ணெய் வழங்கும் தானியங்கி மசகிடு கருவிக்கு 1872இல் காப்புரிமை பெற்றார். இன ஒதுக்கலால் ஒரு பொறியாளர் மசகிடும் தொழிலாளியானார் என்பது அக்காலத்தின் அநீதி. அத்தொழிலிலிருந்தே அவரது கண்டுபிடிப்பு பிறந்தது என்பது, இத்துறையின் அறிவு எங்கிருந்து எழுந்தது என்பதற்குச் சான்றாகும்.

பெட்ரோவும் கனிம எண்ணெயும்

1859இல் பென்சில்வேனியாவில் டிரேக் தோண்டிய கிணற்றுக்குப் பின் அமெரிக்காவிலும், 1870களில் பாகுவிலும் பெட்ரோலியத் தொழில் வளர்ந்தது. விளக்கெண்ணெயாகப் பயன்படும் பகுதியைப் பிரித்தபின் எஞ்சிய கனத்த எண்ணெய் மலிவாகக் கிடைத்தது. ஆயினும் தாவர எண்ணெய்க்கும் விலங்குக் கொழுப்புக்கும் பழகிய இரயில்வேக்களும் ஆலைகளும் அதனை எளிதில் ஏற்கவில்லை. எவ்வெண்ணெய் நல்லது என்பதை முடிவுசெய்ய அளவுகோல் ஒன்றும் இல்லை.

இவ்வினாவை எடுத்துக்கொண்டவர் புனித பீட்டர்ஸ்பர்கின் பேராசிரியரும் இரயில்வேப் பொறியியல் வல்லுநருமான நிக்கோலாய் பெட்ரோவ் (1836 – 1920). 1883இல் வெளிவந்த அவரது ஆய்வு, நன்கு மசகிடப்பட்ட தாங்கியில் உராய்வது உலோகமும் உலோகமும் அல்ல, எண்ணெயின் அடுக்குகளே என்னும் கருத்தை முன்வைத்தது. எண்ணெயின் பாகுநிலை, அச்சின் வேகம், தொடும் பரப்பு ஆகியவை மிகுந்தால் உராய்வு மிகும். எண்ணெய்ப் படலத்தின் தடிமன் மிகுந்தால் உராய்வு குறையும். அமோன்தோனின் விதியில் பரப்புக்கும் வேகத்திற்கும் இடமில்லை. பெட்ரோவின் வாய்பாட்டில் அவையே முதன்மை பெற்றன. எண்ணெயை அதன் பிறப்பிடத்தால் அன்றிப் பாகுநிலையால் மதிப்பிட வேண்டும் என்பது இதன் நடைமுறைப் பயன். கனிம எண்ணெய்க்கு எதிரான தயக்கம் அறிவியல் அடிப்படையை இழந்தது.

ஆனால் ஒரு வினா எஞ்சியது. அச்சும் தாங்கியும் ஒரே மையத்தில் சுழல்வதாக பெட்ரோவ் கொண்டார். அவ்வாறாயின் பல டன் சுமையை எண்ணெய்ப் படலம் எவ்வாறு தாங்குகிறது? எண்ணெய் பிதுங்கி வெளியேறாமல் நிற்பது எதனால்? அவரது வாய்பாடு இதற்கு விடை கூறவில்லை.

டவரின் துளை

விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. இங்கிலாந்தின் இயந்திரப் பொறியாளர் கழகம் உராய்வு பற்றி ஆராயக் குழுவொன்றை அமைத்து, சோதனைகளை பீச்சம் டவரிடம் ஒப்படைத்தது. அவரது முதல் அறிக்கை 1883இலும் இரண்டாவது 1885இலும் வெளிவந்தன. சோதனைக்கு எடுத்துக்கொண்ட அச்சுமுனை 4 அங்குல விட்டமும் 6 அங்குல நீளமும் உடையது. இரயில் வண்டியைப் போலவே மேற்புறத்தில் மட்டும் தாங்கி அமைந்திருந்தது. அச்சுமுனையின் அடிப்பகுதி எண்ணெய்த் தொட்டியில் தோய்ந்திருந்தது.

எண்ணெய்த் தொட்டி முறையில் உராய்வு விசை, சுமை மாறினாலும் ஏறத்தாழ மாறாமலே இருந்ததை டவர் கண்டார். இருநூறு ஆண்டுகளாக ஏற்கப்பட்டு வந்த விதிக்கு இது நேர்மாறானது. அடுத்து நிகழ்ந்ததுதான் வரலாற்றுச் சிறப்புடையது. வழக்கமான மசகுக் குவளையைப் பொருத்துவதற்காகத் தாங்கியின் உச்சியில் அரை அங்குலத் துளை ஒன்று இடப்பட்டது. பொறியை ஓட்டியபோது அத்துளை வழியே எண்ணெய் மேலெழுந்து வழிந்தது. அதைத் தடுக்கச் செருகிய அடைப்பான் மெல்ல மெல்ல வெளியே தள்ளப்பட்டது. துளையில் அழுத்தமானி ஒன்று பொருத்தப்பட்டது. சதுர அங்குலத்திற்கு 200 பவுண்டு வரை காட்டவல்ல அம்மானியின் முள் எல்லையைக் கடந்தது. தாங்கியின்மீது இருந்த சராசரிச் சுமையோ 100 பவுண்டுதான்.

டவர் இதை வெறும் தொல்லையாகக் கருதி ஒதுக்கவில்லை. தாங்கியின் பல இடங்களிலும் துளையிட்டு அழுத்தத்தை அளந்தார். மிகுதியாகக் கண்டது சதுர அங்குலத்திற்கு 625 பவுண்டு. அளவீடுகளைக் கூட்டிக் கணித்தபோது எண்ணெய் தாங்கிய மொத்தச் சுமை 7,988 பவுண்டு என்று வந்தது. உண்மையில் ஏற்றப்பட்ட சுமை 8,008 பவுண்டு. அச்சு தாங்கியைத் தொடவே இல்லை; முழுச் சுமையையும் எண்ணெயே மிதக்கச் செய்திருந்தது.

இதன் பராமரிப்புப் பொருள் ஆழ்ந்து நோக்கத்தக்கது. எண்ணெய் ஊற்றுவதற்கு எளிது என்பதால் தாங்கியின் உச்சியில் துளையிடுவது நெடுங்கால வழக்கம். ஆனால் அழுத்தம் மிகுந்திருப்பது அந்த உச்சியை அடுத்த பகுதியில்தான். அங்கு எண்ணெயை ஊற்றினால் அது உள்ளே புகாது; உள்ளிருக்கும் எண்ணெயும் அத்துளை வழியே வெளியேறிவிடும். மசகு இடுவதற்காகச் செய்த ஏற்பாடே மசகைக் கெடுத்தது. பராமரிப்பு நோக்கில் இடப்பட்ட ஒரு துளையே அதன் தவற்றைக் காட்டிக்கொடுத்ததோடு, எண்ணெய்ப் படலத்தின் இரகசியத்தையும் வெளிப்படுத்தியது.

ரெய்னால்ட்ஸின் விளக்கம்

மான்செஸ்டர் ஓவன்ஸ் கல்லூரிப் பேராசிரியர் ஆஸ்பர்ன் ரெய்னால்ட்ஸ் (1842 – 1912) டவரின் அளவீடுகளுக்குக் கணிதவழி விளக்கம் தந்தார். அவரது கட்டுரை 1886 பிப்ரவரி 11 அன்று இராயல் கழகத்தில் படிக்கப்பட்டது. டவரின் சோதனைகளைக் கட்டுரைத் தலைப்பிலேயே அவர் குறிப்பிட்டிருப்பது, கோட்பாடு சோதனைக்குப் பட்ட கடனை ஒப்புக்கொள்வதாகும்.

அவரது விளக்கத்தை இவ்வாறு சுருக்கலாம். சுழலும் அச்சின் மையம் தாங்கியின் மையத்திலிருந்து சற்று விலகி நிற்கிறது. அதனால் இரண்டிற்கும் இடையிலுள்ள வெளி ஒரு பக்கம் அகன்றும் ஒரு பக்கம் குறுகியும் ஆப்பு வடிவில் அமைகிறது. அச்சோடு ஒட்டிய எண்ணெய் சுழற்சியால் குறுகிய பகுதிக்குள் இழுக்கப்படுகிறது. பாகுநிலையுடைய எண்ணெய் அவ்விடுக்கில் எளிதில் பின்வாங்க முடியாமையால் அங்கு அழுத்தம் எழுகிறது. அவ்வழுத்தமே அச்சையும் தாங்கியையும் பிரித்து வைக்கிறது. சுமையைத் தாங்கும் ஆற்றல் எண்ணெயிடமிருந்து மட்டும் வருவதன்று, இயக்கத்திலிருந்து வருவது.

இக்கோட்பாட்டின் ஆக்கம் பெரிது. ஆஸ்திரேலியாவின் மைக்கேல் 1905இலும், அமெரிக்காவின் கிங்ஸ்பரி 1910இலும் சாயும் திண்டுகளைக் கொண்ட தாங்கிகளுக்குக் காப்புரிமை பெற்றனர். 1912இல் பென்சில்வேனியாவின் ஹோல்ட்வுட் நீர்மின் நிலையத்தில் நிறுவப்பட்ட கிங்ஸ்பரி தாங்கி பல பதிற்றாண்டுகள் மிகச் சிறிய தேய்வோடு பணியாற்றியது.

எனினும் இக்கோட்பாட்டிற்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லை இரயில் நிலையத்தில் தொடங்குகிறது. இயக்கம் நின்றால் அழுத்தம் இல்லை. அழுத்தம் இல்லையேல் படலமும் இல்லை. வண்டி நிற்கும்போது அச்சு தாங்கியைத் தொட்டுவிடுகிறது. புறப்படும்போது உலோகம் உலோகத்தோடு உரசுகிறது. ஜெர்மனியின் ரிச்சர்டு ஸ்ட்ரிபெக் 1902இல் வெளியிட்ட ஆய்வில், வேகம் பெருகப் பெருக உராய்வு முதலில் குறைந்து, ஓர் எல்லைக்குப் பின் மீண்டும் உயர்வது தெளிவாயிற்று. குறைந்த வேகப் பகுதியே தேய்வு நிகழும் பகுதி. நில்லாமல் சுழலும் மின்நிலையப் பொறிக்கும், நிலையந்தோறும் நின்று புறப்படும் வண்டிக்கும் உள்ள வேறுபாடு இதுவே. ஓட்டத்தின் போது உராய்வைக் குறைப்பதில் வெற்றிபெற்ற கோட்பாடு, தொடக்கத்திலும் முடிவிலும் நிகழும் தேய்வைப் பற்றி ஏதும் கூறவில்லை.

தேய்வை அளத்தல்

படலம் அற்றுப்போகும் நிலையை முறையாக ஆராய்ந்தவர் வில்லியம் பேட் ஹார்டி. ஒரு சில மூலக்கூறு அளவே தடித்த பூச்சும் உராய்வைக் குறைக்கும் என்பதை 1922இல் டபுள்டேயுடன் இணைந்து வெளியிட்ட ஆய்வில் காட்டி, அந்நிலையை எல்லை மசகு எனப் பிரித்தறிந்தார். கொழுப்பு அமிலங்கள் உலோகப் பரப்பில் ஒட்டிக்கொள்ளும் தன்மையுடையன. விலங்குக் கொழுப்பையும் தாவர எண்ணெயையும் கைவிட மறுத்த பழைய மசகிடுவோரின் பிடிவாதத்தில் ஓர் உண்மை இருந்தது என்பது இதனால் புலனாயிற்று. பாகுநிலை ஒன்றே அளவுகோல் என்னும் கருத்து முழு உண்மையன்று.

இரண்டாம் உலகப் போரின்போது ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் பவுடன் தாங்கிகள், மசகுகள் பற்றிய ஆய்வுப் பிரிவொன்றை நடத்தினார். பின்னர் கேம்பிரிட்ஜில் அவரும் டேபரும் இணைந்து எழுதிய நூல் 1950இல் வெளிவந்தது. வழவழப்பாகத் தோன்றும் பரப்பும் நுண்ணோக்கில் மேடுபள்ளம் உடையது. இரு பரப்புகள் மேடுகளின் முனைகளில் மட்டுமே உண்மையில் தொடுகின்றன. அம்முனைகள் ஒட்டிப் பின் பிய்வதே உராய்வுக்கும் தேய்வுக்கும் அடிப்படை என்று அவர்கள் விளக்கினர். 1953இல் ஆர்ச்சர்ட், தேய்ந்து நீங்கும் பொருளின் கன அளவு சுமைக்கும் உராய்ந்த தொலைவுக்கும் நேர்விகிதத்திலும், மென்மையான பரப்பின் கடினத்தன்மைக்கு எதிர்விகிதத்திலும் அமையும் என்று காட்டினார்.

பரவலாக ஏற்கப்பட்ட தேய்வு விதி இதுவே எனலாம். அமோன்தோனின் உராய்வு விதிக்கும் இதற்கும் இடையே 254 ஆண்டுகள் கழிந்துள்ளன. அவ்விடைவெளியில் தேய்வு இல்லாமற் போகவில்லை. அச்சுப்பெட்டிகளைக் கழற்றித் தாங்கிகளை மாற்றியவர்கள் அதனை நாள்தோறும் கண்டனர். அவர்கள் கண்டது ஆய்வேட்டின் பொருளாகவில்லை என்பதே அவ்விடைவெளியின் பொருள்.

1966ஆம் ஆண்டு அறிக்கை

இவ்விடைவெளியைப் பணமதிப்பில் எடுத்துக்காட்டியது 1966இல் வெளிவந்த பிரித்தானிய அரசின் அறிக்கை. 1964இல் கார்டிப் நகரில் இரும்பு, எஃகு ஆலைகளின் மசகு பற்றி நடந்த மாநாட்டைத் தொடர்ந்து, பீட்டர் ஜோஸ்ட் தலைமையில் குழுவொன்று அமைந்தது. மசகு, உராய்வு, தேய்வு ஆகியவை இயற்பியல், வேதியியல், உலோகவியல், இயந்திரவியல் எனச் சிதறிக் கிடப்பதை அக்குழு கண்டது. இவற்றை ஒன்றிணைக்க, உரசுதலைக் குறிக்கும் 'டிரைபோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'டிரைபாலஜி' என்னும் பெயரை முன்மொழிந்தது.

இருக்கும் அறிவை முறையாகப் பயன்படுத்தினால் பிரித்தானியத் தொழில்துறை ஆண்டுக்கு 515 மில்லியன் பவுண்டு மிச்சப்படுத்தலாம் என்பது குழுவின் மதிப்பீடு. அதன் பகுப்பு வருமாறு: உராய்வு குறைவதால் ஆற்றலில் 28 மில்லியன்; ஆட்செலவில் 10 மில்லியன்; மசகுப் பொருள்களில் 10 மில்லியன்; பராமரிப்பிலும் பாகங்களை மாற்றுவதிலும் 230 மில்லியன்; பொறிகள் பழுதாகி நிற்பதால் வரும் இழப்பில் 115 மில்லியன்; பொறிகளை மேலும் நன்கு பயன்படுத்துவதால் முதலீட்டில் 22 மில்லியன்; பொறிகளின் வாழ்நாள் நீள்வதால் முதலீட்டில் 100 மில்லியன்.

இவை அளந்து பெற்ற இலாபங்கள் அல்ல, மதிப்பீடுகளே என்பதை மறத்தலாகாது. ஆயினும் விகிதங்கள் பேசுகின்றன. உராய்வால் வீணாகும் ஆற்றல் மொத்தத்தில் ஏறத்தாழ 5 விழுக்காடு மட்டுமே. பராமரிப்பும் பழுதும் சேர்ந்து 345 மில்லியன். அதாவது ஏறத்தாழ 67 விழுக்காடு. வாழ்நாள் நீட்சியையும் சேர்த்தால் 86 விழுக்காட்டைத் தாண்டும். இருநூற்றைம்பது ஆண்டுகளாக ஆய்வின் மையத்தில் இருந்தது கணக்கின் ஓரத்திலும், ஆய்வின் ஓரத்தில் இருந்தது கணக்கின் மையத்திலும் நின்றன.

அறிக்கைக்குப் பின் லீட்ஸ், சுவான்சி, ரிஸ்லி ஆகிய இடங்களில் இத்துறைக்கான மையங்கள் அமைந்தன. இந்தியாவில் 1970களில் டெல்லி ஐ.ஐ.டி.யில் உருவான மையம், டிரைபாலஜியோடு இயந்திர இயக்கவியலையும் பராமரிப்புப் பொறியியலையும் தன் பெயரிலேயே இணைத்துக்கொண்டது. பராமரிப்பு என்னும் சொல் ஓர் ஆய்வு மையத்தின் பெயரில் இடம்பெற்றது வரலாற்று நோக்கில் பொருளுடையது.

பெயரும் பொருளும்

'டிரைபாலஜி' தமிழில் 'உராய்வியல்' என வழங்கப்படுகிறது. எளிய சொல், பொருளும் விளங்குகிறது. ஆயினும் மேற்கண்ட வரலாற்றை நோக்க, இப்பெயர் துறையின் ஒரு பாதியையே சுட்டுகிறது என்று கருத இடமுண்டு. உராய்வு எப்போதும் பகையும் அன்று. சக்கரத்திற்கும் தண்டவாளத்திற்கும் இடையே உராய்வு இல்லையேல் இரயில் எஞ்சின் வண்டியை இழுக்காது. தடம் ஈரமானால் மணல் தூவி உராய்வை மிகுவிப்பர். அதே வண்டியின் அச்சில் எண்ணெயிட்டு உராய்வைக் குறைப்பர். இரண்டிடத்திலும் தவிர்க்க விரும்புவது ஒன்றுதான், அது தேய்வு.

கிரேக்க மூலத்தின் வினைவடிவம் உரசுதலை மட்டுமன்றி, உரசித் தேய்த்தலையும் குறிக்கும். அதன் பெயர்வடிவம் பலர் நடந்து தேய்ந்த தடத்தையும் குறிப்பதுண்டு. தமிழில் இவ்விரு பொருளையும் ஒருங்கே தாங்கும் வேர்ச்சொல் 'தேய்' என்பதாகும். 'தேய்த்தல்' பிறவினையாக நின்று உரசும் செயலைக் குறிக்கும். 'தேய்தல்' தன்வினையாக நின்று அதன் விளைவைக் குறிக்கும். காரணமும் விளைவும் ஒரே வேரில் அடங்குகின்றன. மேலும் 'தேய்மானம்' என்பது கணக்கியலில் சொத்தின் மதிப்பு ஆண்டுதோறும் குறைவதைக் குறிக்கும் சொல்லாகவும் வழங்குகிறது. 1966ஆம் ஆண்டு அறிக்கை பல பக்கங்களில் வாதிட்டு நிறுவிய பொருளாதாரத் தொடர்பு தமிழ்ச் சொல்லில் முன்பே அமைந்துள்ளது. ஆகவே 'தேய்வியல்' என்னும் ஆக்கம் பரிசீலனைக்கு உரியது.

பராமரிப்பு பற்றிய அறிவு தமிழ் மரபிற்குப் புதிதும் அன்று. உமணர் தம் உப்பு வண்டியின் அடியில் மாற்று அச்சைக் கட்டிச் சென்றதை ஔவையார் புறநானூற்றின் 102ஆம் பாடலில் உவமையாக்கியுள்ளார். அச்சு முறியும் என்பதை எதிர்பார்த்துப் புறப்படுவது ஒருவகை அறிவு. அது தேயாமல் காப்பது மற்றொரு வகை. மாற்று அச்சை ஏற்றிச் செல்ல இயலாத இரயில் வண்டி, இரண்டாம் வகை அறிவைக் கட்டாயமாக்கியது.

முடிவுரை

இவ்வாய்வின் வழி மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, மசகுக் கோட்பாடு 1883 முதல் 1886 வரையிலான சில ஆண்டுகளில் உருப்பெற்றமைக்கு இரயில்வேயும் ஆலைகளும் எதிர்கொண்ட பராமரிப்புச் சிக்கல்கள் முதன்மைக் காரணமாக அமைந்தன. இரண்டாவது, உராய்வு விரைவில் அளக்கத்தக்கதாய் இருந்தமையால் தேய்வைக் காட்டிலும் மிக முன்னரே விதிகளைப் பெற்றது. அம்முன்னுரிமை அளவீட்டின் எளிமையால் வந்ததேயன்றிச் சிக்கலின் அளவால் வந்ததன்று. மூன்றாவது, 1966ஆம் ஆண்டின் கணக்கு இத்துறையின் மையத்தைத் தேய்வுக்கும் பராமரிப்புக்கும் மாற்றியது; கலைச்சொல்லும் அம்மாற்றத்தை உட்கொள்ள வேண்டும்.

கோட்பாடு கண்டவர்களின் பெயர்கள் சமன்பாடுகளில் நிலைத்துவிட்டன. அச்சுப்பெட்டியில் கைவைத்துச் சூடு பார்த்தவர்களின் அறிவு அவ்வாறு நிலைக்கவில்லை. தமிழகத்தின் இரயில் பணிமனைகளிலும் ஆலைகளிலும் தலைமுறை தலைமுறையாகப் புழங்கும் பராமரிப்புச் சொற்களையும் வழக்கங்களையும் தொகுப்பது, தமிழ் ஆய்வும் பொறியியல் வரலாறும் இணைந்து செய்யத்தக்க பணியாகும். பழைய வகைத் தாங்கிகளோடு பணியாற்றிய தலைமுறையினர் நம்மிடையே உள்ள காலத்திலேயே அப்பணி தொடங்கப்பெறுதல் வேண்டும்.